கோத்தகிரியில் மீன்குட்டை வெட்டினால் பருவநிலைக்குக் கேடா?

கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன். கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை. பச்சைத்தேயிலை விலை கட்டுப்படியாகவில்லை. தோட்டத்தின் கீழ்ப்பக்கம் கோடையிலும் கால் புதைகிற ஈரப்பள்ளம் ஒன்று இருக்கிறது. அங்கே 5 சென்ட்டில் குட்டை வெட்டிக் கெண்டை விடலாம் என்கிறார் அப்பா. மானியம் வாங்கி ட்ரௌட் என்ற குளிர்நீர் மீனை வளர்க்கலாம் என்கிறார் சித்தப்பா. மீன் வளர்ப்பு புவி வெப்பத்தைக் கூட்டுகிறது என்று படித்த மகளுக்குத் தயக்கம். 'ஆட்டுக்கறியைவிட இது மோசமா? நாங்கள் இறங்கலாமா, வேண்டாமா?' என்று கேட்கிறார்.

இறங்கலாம். ஆனால் அந்த ஈரப்பள்ளத்தில் மட்டும் மண்வெட்டி வைக்காதீர்கள். மீன் வளர்ப்பால் வரும் கேட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சமவெளிக் குட்டைகளையோ கடலோர இறால் பண்ணைகளையோ மனதில் வைத்துப் பேசுகிறார்கள். மலையில் கணக்கே வேறு. இங்கே மீன் என்ன தின்கிறது என்பதைவிடக் குட்டை எந்த மண்ணில் இருக்கிறது என்பதுதான் பெரிய கேள்வி. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் உலக அளவு. 2017-ஆம் ஆண்டுக்குப் போடப்பட்ட மதிப்பீட்டின்படி, உலகின் மொத்த மீன் வளர்ப்பும் சேர்ந்து வெளியிட்டது சுமார் 26 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம். மனிதர்கள் வெளியிடும் மொத்தத்தில் இது ஏறத்தாழ அரை சதவீதம். உணவோடு உணவை ஒப்பிட வேண்டுமானால், 119 நாடுகளின் பண்ணைகளைச் சேர்த்து 2018-ல் வெளிவந்த ஆய்வு கைகொடுக்கும். 100 கிராம் புரதம் கிடைக்க, பண்ணை மீனுக்குச் சராசரியாக 6 கிலோ கரியமில வாயு, கோழிக்கு 5.7, இறாலுக்கு 18, ஆட்டுக்கறிக்கு 20, இறைச்சிக்கென்றே வளர்க்கும் மாட்டுக்கு 50. பட்டாணிக்கு அரை கிலோகூட இல்லை. ஆக, மீனும் கோழியும் ஒரே வரிசை, ஆடு மூன்று மடங்குக்கு மேல். இவை சராசரிகள் என்பதை மறக்க வேண்டாம். ஒரு குட்டைக்கும் இன்னொரு குட்டைக்கும் பல மடங்கு வித்தியாசம் வரும். உங்கள் குட்டை எந்தப் பக்கம் விழும் என்பதுதான் இனி நாம் பார்க்க வேண்டியது.

மீனுக்கு இந்தச் சலுகை எப்படிக் கிடைக்கிறது? மீன் குளிர்ரத்தப் பிராணி. உடம்பைச் சூடாக வைத்துக்கொள்ள அது தீனியைச் செலவழிப்பதில்லை. தண்ணீர் தாங்கிக்கொள்வதால் பாரம் சுமக்கக் கனத்த எலும்பும் வேண்டியதில்லை. ஆடு மாடு அசைபோடும்போது இரைப்பையிலிருந்து வரும் மீத்தேனும் மீனிடம் கிடையாது. நல்ல தீவனம் கொடுத்தால் ஒன்றரை முதல் இரண்டு கிலோ தீவனத்தில் ஒரு கிலோ கெண்டை தேறும்.

அந்தத் தீவனத்தில்தான் மீனின் கரிமக் கணக்கில் பாதிக்கும் மேல் இருக்கிறது. தவிடு, கடலைப் புண்ணாக்கு, சோயாப் புண்ணாக்கு, மீன்தூள் என்று எதை எடுத்தாலும் அது எங்கோ ஒரு வயலிலோ கடலிலோ தொடங்குகிறது. தவிட்டில் நெல்வயலின் மீத்தேனில் ஒரு பங்கு ஒளிந்திருக்கிறது. சோயாவில் டிராக்டரின் டீசலும், காட்டை அழித்து விளைவித்த நாடுகளில் இருந்து வந்தால் அந்தக் காடும் இருக்கின்றன. உரம் போட்ட எல்லாப் பயிரிலும் நைட்ரஸ் ஆக்சைடு இருக்கிறது. கரியமில வாயுவைவிட 273 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. அதனால் கரையோரம் மிதந்து வீணாகும் ஒவ்வொரு கைப்பிடித் தீவனத்துக்கும் இரண்டு தண்டனை: விளைவித்த செலவு ஒன்று, குட்டையின் அடியில் அது அழுகும் செலவு இன்னொன்று.

அந்த இரண்டாவது செலவைக் கொஞ்சம் பார்ப்போம். தின்னாத தீவனமும் மீனின் கழிவும் அடியில் படிந்து கறுப்புச் சேறாகும். அங்கே ஆக்சிஜன் தீர்ந்ததும், காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் அதைத் தின்று மீத்தேனை வெளியிடும். ஒரு நீளக் கழியை அடிச்சேற்றில் குத்திப் பாருங்கள். குமிழி கொத்துக் கொத்தாக மேலே வந்தால் அதில் பெரும்பங்கு மீத்தேன். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் அது ஹைட்ரஜன் சல்பைடு. மீத்தேனுக்கு வாசனை இல்லை, ஆனால் இரண்டும் ஒரே சேற்றில்தான் பிறக்கின்றன. நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கரியமில வாயுவைவிட 27 மடங்கு வலியது. இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்கு. நன்னீர்க் குட்டைக்கு ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி. பொதுவாக வைத்திருக்கும் அளவு, ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 183 கிலோ மீத்தேன். உங்கள் 5 சென்ட், அதாவது 200 சதுர மீட்டருக்கு அது 4 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. கரியமில வாயுவாக மாற்றினால் ஆண்டுக்குச் சுமார் 100 கிலோ.

மலைக்குளிரில் கெண்டை மெதுவாகத்தான் வளரும். 5 சென்ட் குட்டையில் ஆண்டுக்கு 60 கிலோ மீன் எடுத்தால் நல்ல அறுவடை என்பேன். அப்படியானால் மீத்தேன் பங்கு கிலோ மீனுக்கு 1.7 கிலோ. தீவனத்துக்கு இன்னொரு 2 கிலோ போடுங்கள். மொத்தம் 4 கிலோவுக்குள் நிற்கிறது. குளிரில் அந்த நுண்ணுயிர்களும் சோம்பிக் கிடக்கும் என்பதால் உண்மையில் இதைவிடக் குறையவே வாய்ப்பு. கிலோவுக்கு 40 கிலோவை ஒட்டி நிற்கும் ஆட்டுக்கறியின் பக்கத்திலேயே இது வராது. மகளின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்.

குளிர் இப்படி உதவுகிறது, உயரம் உதவாது. கடல்மட்டத்தில் 20 டிகிரித் தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். கோத்தகிரியின் 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் அதே 20 டிகிரியில் 7-ஐ ஒட்டித்தான் நிற்கும். சமவெளியில் 30 டிகிரியில் கொதிக்கும் குட்டைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. தண்ணீர் ஜில்லென்று இருக்கிறதே, ஆக்சிஜன் நிறைய இருக்கும் என்று நம்பி மீனை நெருக்கி விட்டுவிடுகிறார்கள். பனிமூட்டம் சூழ்ந்து நாலைந்து நாள் வெயிலே விழாவிட்டால் பாசி ஆக்சிஜன் தராது. விடியற்காலையில் மீன் வாய் பிளந்து மேலே வரும். ஆக்சிஜன் குறைந்த குட்டையில் மீனும் சாகும், மீத்தேனும் கூடும்.

இனி அந்த ஈரப்பள்ளத்துக்கு வருகிறேன்.

நீலகிரியின் மேல்மலையில் சோலையும் புல்வெளியும் சந்திக்கும் பள்ளங்களில் தண்ணீர் தேங்கி, செத்த புல்லும் வேரும் முழுவதும் மக்காமல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்திருக்கின்றன. கறுப்பாக, பஞ்சு போல அமுங்கும் மண். இதைக் கரிச்சதுப்பு என்று சொல்லலாம். இந்திய ஆய்வாளர்கள் நீலகிரிச் சதுப்புகளில் இருந்து மண்ணெடுத்து, சுமார் 20,000 ஆண்டுகளாகத் தென்னிந்தியப் பருவநிலை எப்படி மாறி வந்தது என்று படித்து 1993-ல் வெளியிட்டார்கள். பனியுகம் உச்சத்தில் இருந்த காலத்துச் செடிகளின் கரிமம் இன்னும் அந்த மண்ணில் இருந்ததால்தான் அப்படிப் படிக்க முடிந்தது. தண்ணீர் மூடியிருக்கும் வரை அது அங்கேயே இருக்கும். தோண்டி மேட்டில் கொட்டினால் காற்றுப் பட்டு மக்கத் தொடங்கி, சில பத்தாண்டுகளில் கரியமில வாயுவாகப் போய்விடும்.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். 200 சதுர மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழம், 300 கன மீட்டர் மண். கன மீட்டருக்கு 50 கிலோ கரிமம் என்று அடக்கமாகவே வைத்துக்கொள்கிறேன். 15 டன் கரிமம். அது முழுவதும் காற்றோடு சேர்ந்தால் 55 டன் கரியமில வாயு. குட்டை 20 ஆண்டு ஓடி, ஆண்டுக்கு 60 கிலோ மீன் தந்தால் மொத்தம் 1.2 டன் மீன். பிரித்தால் கிலோ மீனுக்கு 46 கிலோ. தலையும் முள்ளும் கழிப்பதற்கு முன்பே ஆட்டுக்கறியைத் தாண்டிவிட்டது. பாதிதான் மக்கும் என்று வைத்தாலும் 23 கிலோ. மேலே தீவனத்துக்கும் மீத்தேனுக்கும் சேர்த்து நாம் போட்ட 4 கிலோ இதன் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஒரே குட்டை, ஒரே மீன், ஒரே தீவனம்தான். இடத்தை மாற்றியதும் கணக்கு பத்து மடங்கு மாறிவிட்டது.

எல்லா ஈரமும் கரிச்சதுப்பு என்று சொல்ல வரவில்லை. சோதிப்பது எளிது. கடப்பாரையால் முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி போட்டு மண்ணை எடுத்துப் பாருங்கள். செம்மண்ணோ சாம்பல் நிறக் களிமண்ணோ வந்தால் அது வெறும் ஊற்று ஈரம். கறுப்பாக, நாரும் வேருமாக, பிழிந்தால் பழுப்புத் தண்ணீர் சொட்டி, காயவைத்தால் எடையே இல்லாமல் போகிறதா? அதைத் தொடாதீர்கள். சந்தேகமாக இருந்தாலும் தொடாதீர்கள். நீலகிரியின் ஊற்றுகளையும் ஈரநிலங்களையும் பற்றி நெடுநாளாக வேலை செய்யும் கீஸ்டோன் அறக்கட்டளை உங்கள் ஊரிலேயே இருக்கிறது. ஒரு முறை போய்க் கேட்டுவிடுங்கள்.

கரிமத்தை ஒதுக்கி வைத்தாலும் அந்தப் பள்ளத்துக்கு வேறு வேலைகள் உண்டு. மழையை உள்ளே இழுத்து வைத்து, பங்குனி சித்திரையில் கீழே இருக்கும் ஊருக்குச் சொட்டுச் சொட்டாக விடுவது அதுதான். அதை வெட்டித் திறந்துவிட்டால் கீழ்வீட்டுக்காரரின் கிணறு முதலில் வற்றும். மலை முழுவதும் இப்படி எத்தனையோ பள்ளங்களை வடித்து கேரட்டும் உருளைக்கிழங்கும் போட்டுவிட்டோம். மிச்சம் இருப்பவை கொஞ்சம். அதில் ஒன்று உங்கள் கையில் இருக்கிறது என்பதை மிக மதிப்புக்குரிய ஒன்றாக நினைக்கிறேன். மேலும் நீலகிரியில் பொக்லைன் இறக்கி மண் தோண்ட மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்டோரைப் பறித்த நிலச்சரிவுகளைப் பார்த்த மாவட்டம் இது. சரிவில் குட்டை வெட்டி நீரைத் தேக்கினால் அந்த நீர் மண்ணுக்குள் இறங்கி மேட்டையே தளர்த்தும்.

அப்படியென்றால் எங்கே? தோட்டத்தில் ஸ்பிரிங்ளருக்குத் தண்ணீர் சேர்க்கும் தொட்டியோ பழைய குட்டையோ ஏற்கெனவே இருந்தால் அதிலேயே விடுங்கள். புதிதாக ஒரு பிடி மண் தோண்ட வேண்டாம், தேக்கிய தண்ணீருக்கும் இரண்டாவது பயன். இல்லையென்றால் சமதளமான செம்மண் இடத்தில் மழைநீருக்கென்று வெட்டி, தார்ப்பாய் விரித்த குட்டை. கீழே விரிப்பு இருந்தால் மண்ணில் உள்ள மக்கிய பொருள் தண்ணீரோடு சேராது, சேற்றையும் ஆண்டுக்கொரு முறை வழித்தெடுக்கலாம். வழித்த சேற்றைக் குவித்து வைக்காமல் உடனே தேயிலைக்கடியில் மெல்லியதாகப் பரப்புங்கள். மீன் தின்னும் தழைச்சத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதன் உடம்பில் சேர்கிறது. மீதி முழுவதும் அந்தத் தண்ணீரிலும் சேற்றிலும்தான் இருக்கிறது. அதைச் செடிக்கு விட்டால் அந்த அளவுக்கு யூரியா குறையும். யூரியா குறைவது பருவநிலைக்கும் லாபம், உங்கள் பைக்கும் லாபம். கரிமக் கணக்கில் மீன்குட்டைக்கு வரவு எழுதக்கூடிய இடம் இது ஒன்றுதான். அதையும் பலர் ஓடையில் திறந்துவிட்டு வீணாக்குகிறார்கள்.

தீவனத்துக்குப் புல் கெண்டையை யோசியுங்கள். உங்கள் பக்கம் முட்டைக்கோஸ் தழைக்கும் கேரட் தழைக்கும் பஞ்சமில்லை. அது தழை தின்னும் மீன். வாங்கும் தீவனம் குறைகிறது, மேட்டில் அழுகும் தழையும் குறைகிறது. ஒரு எச்சரிக்கை: மருந்தடித்த தழை கூடாது. நீலகிரிக் காய்கறிக்கு எவ்வளவு மருந்து போகிறது என்று உங்களுக்கே தெரியும். சொந்தத் தோட்டத்துத் தழையோ நன்றாகத் தெரிந்தவர் தோட்டத்துத் தழையோ மட்டும் போடுங்கள். பச்சைச் சாணத்தைக் கூடை கூடையாகக் கொட்டும் சமவெளிப் பழக்கத்தையும் இங்கே கொண்டுவராதீர்கள். குளிரில் அது பாசியாக மாறாமல் அடியில் கிடந்து அழுகும்.

பழனிமலையில் இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காப்பித் தோட்டங்கள் கோத்தகிரியைவிடத் தாழ்வு, சூடும் அதிகம். அங்கே கட்லாவும் ரோகுவும் ஓரளவு வளரும். மேல்மலையில், மன்னவனூர், பூம்பாறைப் பக்கம், நீலகிரிக்குச் சொன்னதே பொருந்தும். கொடைக்கானல் ஏரியே 1863-ல் அன்றைய மதுரைக் கலெக்டர் லெவிஞ்ச் சதுப்புப் பள்ளத்து ஓடைகளை மறித்து உண்டாக்கியதுதான். அந்த மாதிரிப் பள்ளங்களை இனியும் தோண்ட வேண்டாம்.

இப்போது சித்தப்பாவின் ட்ரௌட். இந்த மீனை நீலகிரிக்குக் கொண்டுவர 1860-களிலேயே மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே முயன்றார், பலிக்கவில்லை. 1907-ல் எச்.சி. வில்சன் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் வானவில் ட்ரௌட் இங்கே வேரூன்றியது. நூறு ஆண்டுக்கு மேல் அது பிழைத்திருப்பது அவலாஞ்சி, மேல்பவானி, முக்குருத்திப் பக்கத்து ஓடைகளின் குளிரால். 10 முதல் 18 டிகிரிதான் அதற்கு உகந்தது, 20-ஐத் தாண்டினால் தீனி எடுக்காது, 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. கோத்தகிரியின் ஏப்ரல் வெயிலில், ஓடாத தண்ணீரில் அதை வைத்துக் காப்பாற்ற முடியாது. ஓடையைத் திருப்பி நீளத் தொட்டியில் இரவும் பகலும் ஓடவிட வேண்டும். கோடையில் குடிக்கவே ஓடை போதாத ஊரில் அதைச் செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

தீவனத்திலும் அது கெண்டையைப் போன்றதல்ல. நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் புரதம் வேண்டும், அதில் மீன்தூளும் மீன் எண்ணெயும் வேண்டும். மத்தியையும் நெத்திலியையும் அரைத்துத்தான் அது வருகிறது. கடற்கரையில் ஏழை வீட்டுக் குழம்புக்குப் போயிருக்க வேண்டிய மீன். 1.2 கிலோ தீவனத்தில் ஒரு கிலோ ட்ரௌட் தேறும் என்பது உண்மைதான். ஆனால் அந்த 1.2 கிலோவுக்குள் எவ்வளவு கடல் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். புவி சூடேற ஏற இந்த மலையில் முதலில் இடமில்லாமல் போகிற மீனும் இதுவே. இன்று கடன் வாங்கித் தொட்டி கட்டினால், கடன் முடிவதற்குள் ஓடை எத்தனை டிகிரியில் ஓடும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மானியம் இருக்கிறது, மறுக்கவில்லை. 2020-ல் தொடங்கிய மத்திய அரசின் மீன்வளத் திட்டமான பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில் ட்ரௌட் தொட்டி, பயோபிளாக் (மீன் கழிவை நுண்ணுயிர்களைக் கொண்டு தீனியாக்கும் தொட்டி), தண்ணீர் மறுசுழற்சி முறை எல்லாவற்றுக்கும் பொதுப்பிரிவுக்கு 40 சதவீதம், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதம் என்று அறிவித்தார்கள். ஆனால் மானியம் தொட்டிக்குத்தான், மாதாமாதம் வரும் கரண்ட் பில்லுக்கு இல்லை. பயோபிளாக் நுண்ணுயிர்கள் 25 டிகிரிக்கு மேல்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். கோத்தகிரியில் அதற்குச் சூடாக்க வேண்டும், காற்றடிக்கும் இயந்திரத்தை ஒரு மணி நேரம்கூட நிறுத்தக் கூடாது.

மின்சாரத்தின் எடையைச் சொல்கிறேன். தண்ணீருக்குக் காற்றடிக்கும் ஒரு குதிரைத்திறன் ஏரேட்டரை உங்கள் 5 சென்ட் குட்டையில் நாளுக்கு 8 மணி நேரம் ஓட்டினால் 6 யூனிட். நம் நாட்டு மின்தொகுப்பில் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. ஆண்டு முழுக்க ஓட்டினால் ஒன்றரை டன். 60 கிலோ மீனுக்குப் பிரித்தால் கிலோவுக்கு 25 கிலோ. 'பைக்காராவில் 1932-லிருந்து தண்ணீரில்தானே மின்சாரம் எடுக்கிறோம், குந்தாவிலும் அப்படித்தானே, நமக்கு இது சுத்தமான மின்சாரம்' என்று மலையில் பலர் சொல்வார்கள். மின்சாரம் எல்லாம் ஒரே தொகுப்பில் கலக்கிறது. நீங்கள் கூடுதலாக இழுக்கும் யூனிட்டுக்கு எங்கோ ஒரு நிலக்கரி உலை பதில் சொல்கிறது. அதனால் மீனை நெருக்கி விட்டு இயந்திரம் போடாமல், இயந்திரமே தேவைப்படாத அளவுக்குக் குறைவாக விடுங்கள். ஒரு சதுர மீட்டருக்கு ஒரு குஞ்சுக்கு மேல் வேண்டாம்.

தீவன வண்டி மலையேறும் டீசலைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கோவையிலிருந்து வந்தாலும் கிலோ தீவனத்துக்கு 50 கிராமுக்குள்தான் வரும்.

கடைசியாக ஒன்று. எந்த மீனை விட்டாலும் அது ஒருநாள் தப்பும் என்று நினைத்து விடுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அப்படி ஒரு மழையில் எந்தக் கரையும் நிற்காது. 1939-ல் இலங்கையிலிருந்து ஊட்டிக்குக் கொண்டுவந்த சாதாக் கெண்டைதான் இங்கிருந்து பரவி இன்று நாட்டின் பல நீர்நிலைகளில் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தி தடை செய்யப்பட்டது. யார் குஞ்சு கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஜிலேபியும் வேண்டாம். மலையோடைகளில் உலகில் வேறெங்கும் இல்லாத தவளைகள் இருக்கின்றன, அவற்றின் தலைப்பிரட்டைகளுக்கு இந்த மீன்களிடமிருந்து தப்பத் தெரியாது. புல் கெண்டை நம் குட்டையில் தானாக முட்டையிட்டுப் பெருகாது என்பதும் அதை நான் சொல்வதற்கு ஒரு காரணம். உங்கள் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெருமழை. புரட்டாசிக்குள் குட்டையின் நீர்மட்டத்தை ஒரு முழம் இறக்கி, வழிந்தோடும் வாயில் இரட்டை வலை கட்டிவிடுங்கள். சருகு அடைத்தால் வலையோடு கரையும் போய்விடும் என்பதால் மழை நாட்களில் அந்த வலையைக் காலையும் மாலையும் தட்டிவிட ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும்.